பள்ளத்துக்குள் நின்றுகொண்டு பள்ளத்தைத் தேடியது

புதிதாகச் சேர்ந்திருக்கும் மூவருக்கும்,

பணி அனுபவங்களை எழுதுகிறவர்கள் பொதுவாக ஓய்வு பெற்றவர்களாக இருப்பார்கள். எனக்கு முப்பத்து நான்கு வயதுதான். ஆனால் இந்த மாதக் கடைசியோடு நான் கிளம்புகிறேன். மகளுக்கு ஆறு வயது. அடுத்தது வயிற்றில் இருக்கிறது. "திரும்பி வருவீங்களா அக்கா?" என்று நேற்று கேட்டீர்கள். வருவேன் என்றேன். பேருந்தில் போகும்போது, ஏன் அவ்வளவு உறுதியாகச் சொன்னோம் என்று யோசித்துக்கொண்டே போனேன். அதனால் சொல்ல வேண்டியவற்றில் ஒன்றை மட்டும் இப்போதே எழுதிவைத்துவிடுகிறேன்.

விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது, எந்த இணைப்பு எதற்குப் பின்னால் வரவேண்டும் என்பதெல்லாம் ஆறு மாதத்தில் உங்களுக்குத் தானாகப் பழகிவிடும். நான் எழுதப்போவது என்னுடைய ஒரு தவறைப் பற்றி. அலுவலகத்தில் இன்னும் சிலர் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நீங்களும் சிரிக்கலாம். முழுவதும் தெரிந்துகொண்டு சிரியுங்கள்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய அடுக்குமாடித் திட்டம் எதுவானாலும் சுற்றுச்சூழல் அனுமதி வாங்காமல் மண்ணில் கடப்பாரை போடக் கூடாது. அந்த அனுமதிக்கான ஆய்வைச் செய்து, அறிக்கை எழுதி, மாநில நிபுணர் குழுவின் முன்னால் கொண்டுபோய் வைப்பது நம் வேலை. சுரங்கமோ பெரிய ஆலையோ வந்தால் ஊர் மக்களைக் கூட்டிவைத்துக் கருத்துக் கேட்பார்கள். குடியிருப்புக் கட்டடங்களுக்கு அந்தக் கூட்டம் கிடையாது. பக்கத்து ஊர்க்காரர் யாரும் மைக் பிடித்து, "இது எங்கள் தண்ணீர் வழி" என்று சொல்ல இடமில்லை. அந்த மண்ணுக்குப் போய் நின்று நான்கு பேரிடம் கேட்டு எழுதுகிற ஆள் நாம் மட்டும்தான். நாம் கேட்காவிட்டால் அது கேட்கப்படாமலே போகும். இது எனக்கு முதல் நாளே சொல்லப்பட்டது. எனக்கு அதன் கனம் தெரிய வெகுநாள் ஆயிற்று.

என் மகளுக்கு அப்போது எட்டு மாதம். பிரசவ விடுப்பு முடிந்து வந்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, நகரத்துக்கு மேற்கே, மலை கண்ணில் படும் தூரத்தில் வரவிருந்த ஒரு குடியிருப்புத் திட்டம். ஐந்து பிளாக். நிலத்தைப் பார்க்கப் போன அன்று குழந்தைக்குக் காய்ச்சல். மாமியார் இரண்டு முறை போன் செய்துவிட்டார். நான் சாலையோரத்தில் நின்றே புகைப்படம் எடுத்தேன். வேலியைத் தாண்டி உள்ளே கொஞ்ச தூரம் போனேன், வேலிகாத்தான் முள் சேலையைப் பிடித்து இழுத்தது, திரும்பிவிட்டேன். ஒரு மணி நேரத்தில் வீட்டில் இருந்தேன். வீடு சேரும்போது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, காய்ச்சல் இறங்கியிருந்தது. சீக்கிரம் வந்தது சரிதானா, தவறா என்று இன்றைக்கும் எனக்கு ஒரே பதில் கிடைக்கவில்லை. ஆனால் நான் உள்ளே நடக்கவில்லை. அதுதான் நடந்தது.

நிலத்தின் பதிவேட்டு நகல் வந்தது. ஒவ்வொரு புல எண்ணுக்கும் எதிரே பரப்பு, வகைப்பாடு, கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். ஓர் எண்ணுக்கு எதிரே மட்டும் அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது: பள்ளம்.

நான் பிறந்தது மன்னார்குடிப் பக்கம். அங்கே தண்ணீர் ஓடினால் அது ஆறு, இல்லாவிட்டால் வாய்க்கால், இல்லாவிட்டால் வடிகால். பள்ளம் என்றால் சைக்கிள் விழுகிற குழி. திருமணமாகிக் கோவைக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தும் எனக்கு வேறு பொருள் தெரியாது. ஆங்கில அறிக்கையின் அட்டவணையில் குழி என்ற பொருளில் 'பிட்' என்று தட்டச்சு செய்தேன். பக்கத்து நிலங்களின் வரைபடத்தில் ஓடை என்று ஒரு கோடு இருந்தது. நம் மனையின் எல்லைக்கு வந்ததும் அந்தக் கோடு நின்றுபோயிருந்தது. கோடு நின்றதால் ஓடையும் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

அடித்தளத்துக்குத் தோண்டும் மண்ணை என்ன செய்வீர்கள் என்று நிபுணர் குழு தவறாமல் கேட்கும். வெளியே கொண்டுபோனால் லாரி, தூசி, புகை. நான் எழுதினேன்: மனையில் ஏற்கெனவே ஒரு குழி இருக்கிறது, தோண்டும் மண் முழுவதும் அதை நிரப்பிச் சமன்படுத்தப் பயன்படும், ஒரு லாரிகூட வெளியே போகாது. அப்படிச் சமன்படுத்திய இடத்தின் மேல்தான் மூன்றாவது பிளாக் வருவதாக இருந்தது. தரைத்தளத்தில் எட்டு வீடுகள், ஒரு குழந்தைகள் காப்பகம். எழுதி முடித்து அந்தப் பத்தியை இரண்டாவது முறை படித்துப் பார்த்தேன். எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

எங்கள் ஒருங்கிணைப்பாளரும் படித்தார், கையெழுத்துப் போட்டார். அவர் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர், இந்தத் தொழிலில் எனக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தவர் என்பது மட்டும் போதும்.

சென்னையில் குழுவின் கூட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அவர் படங்களைப் புரட்டிக்கொண்டே சொன்னார்: "அம்மணி, அந்தக் குழி போட்டோ மட்டும் காணமுங்களே. போய் ஒண்ணு எடுத்துட்டு வந்துருங்க. கேட்டாங்கன்னா காட்டோணும்."

போனேன். இந்த முறை உள்ளே நடந்தேன். குழியைக் காணோம். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு முள்ளுக்குள் சுற்றினேன். தரை லேசாகத் தாழ்ந்து, லேசாக உயர்ந்து, அகலமாகக் கிடந்தது. எங்கும் வேலிகாத்தானும் எருக்கும். பாதி மண்ணில் புதைந்த பெரிய சிமெண்ட் குழாய் ஒன்று இருந்தது. நான் குனியாமல் உள்ளே உட்காரலாம், அவ்வளவு பெரியது. அதற்குள் நான்கைந்து ஆடுகள் வெயிலுக்குப் படுத்திருந்தன. கையில் தொரட்டியோடு ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். பெயர் மயிலாத்தா என்று பிறகு தெரிந்தது.

"ஏனுங் அம்மணி, என்னத்தத் தொலைச்சுப்போட்டீங்க? மூணாந்தடவ சுத்தறீங்க."

"தொலைக்கலீங்க. இங்க ஒரு பள்ளம் இருக்குன்னு ரெக்கார்டுல எழுதியிருக்கு. அதைப் போட்டோ எடுக்கணும். எங்க இருக்குன்னே தெரியல."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தொரட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தார்.

"பள்ளத்துக்குள்ள நின்னுக்கிட்டே பள்ளம் எங்கீங்கறீங்களே! ஆத்துல நின்னுக்கிட்டு ஆறு எங்கன்னு கேப்பீங்களாட்டருக்குது."

"இதுவா பள்ளம்?"

"பின்ன? மேக்க மலைல மழ பேஞ்சா தண்ணி இதுலதானுங் வரும். இந்தா இங்கிருந்து..." என்று ஒரு கையை ஒரு பக்கம் நீட்டினார். "அந்தா, அந்தக் கல்லு வரைக்கும்" என்று மறு கையை மறு பக்கம் நீட்டினார்.

அதுவரை எனக்கு அது ஒரு தரிசு. அவர் இரண்டு கைகளையும் நீட்டியதும் இரண்டு கரைகள் தெரிந்தன. கரைகள் தெரிந்ததும் நான் நிற்பது நட்ட நடு ஓடை என்று தெரிந்தது. நான் ஒரு காலை எடுத்து வைத்தேன், எங்கே வைப்பது என்று தெரியாமல் அதே இடத்தில் வைத்தேன்.

மயிலாத்தா தொரட்டிக் காம்பால் தரையைக் கிளறினார். ஒரு சாண் செம்மண்ணுக்குக் கீழே வெள்ளை மணல். கையில் எடுத்தால் மினுங்கியது. எங்கோ மலையில் பாறையாக இருந்தது என் உள்ளங்கையில் பொடியாக இருந்தது. பிறகு மேலே பார்க்கச் சொன்னார். என் தலைக்கு மேல் ஒரு கிளை. அதில் வைக்கோலும் துணிக்கிழிசலும் சுற்றிக் காய்ந்து கிடந்தன. குருவிக்கூடு என்று நினைத்தேன்.

"கூடில்லீங். போன தடவ வந்த தண்ணி வுட்டுட்டுப் போனதுங்."

"போன தடவைன்னா எப்பங்க?"

"என்ர புள்ள வயித்துல இருந்தப்போ. இப்ப அவ எட்டாவது படிக்கறா."

நான் கிளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு உயரம். அவ்வளவு வருடம். அந்தக் கந்தல் அங்கேயே இருந்தது, நான் சாலையோரத்தில் நின்று படம் எடுத்த அன்றும்.

"எதுக்குங் அம்மணி போட்டோ?"

மூடுவதற்காக என்று சொல்ல வாய் வரவில்லை. "சும்மாதாங்க" என்றேன்.

"எங்க ஊடு கிழக்க, அக்கட்டால. காலனில. தண்ணி இதுக்குள்ளயே போச்சுன்னா எங்களுக்கு ஒண்ணுமில்லீங். இதவுட்டு வெளிய வந்தாத்தான் வம்பு" என்றார், ஆடுகளை எழுப்பிக்கொண்டே. நான் எதற்கென்று தெரியாமலே அந்தக் குழாயையும் ஒரு படம் எடுத்தேன்.

திரும்பும் வழியெல்லாம் மனம் இரண்டு பக்கமும் பேசியது. அவர் மிகைப்படுத்தியிருக்கலாம். நான் அன்று உள்ளே நடக்காத குற்றவுணர்வில் ஒரு கந்தலைப் பெரிதாக்கிக்கொள்கிறேனோ என்னவோ. அலுவலகத்துக்கு வந்ததும் நான் எழுதிய பழைய அறிக்கைகளையெல்லாம் திறந்து 'பிட்' என்ற சொல்லைத் தேடினேன். இன்னோர் அறிக்கையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கணவரையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போனேன். அது கைவிடப்பட்ட கல்குவாரி. நிஜமான குழி. அடியில் பச்சைத் தண்ணீர் தேங்கியிருந்தது. நான் சந்தோஷத்தில் கை தட்டினேன். ஒரு குழியைப் பார்த்து இவள் ஏன் இப்படி மகிழ்கிறாள் என்று கணவருக்கு விளங்கவில்லை.

திங்கட்கிழமை ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னேன். பதிவேட்டு நகலை அவர் முன் வைத்து அந்தக் கட்டத்தைக் காட்டினேன். அவர் அந்த ஒற்றைச் சொல்லைப் படித்தார். பிறகு என் அறிக்கையின் அட்டவணையைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பள்ளம்னே எழுதியிருந்தீங்கன்னா கண்ண மூடிக்கிட்டே புடிச்சிருப்பனுங்களே அம்மணி. பிட்டுன்னு இருந்துச்சு. நானும் பிட்டுன்னே படிச்சுப்போட்டேன்."

இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். அவருக்குத் தெரிந்த சொல். அவர் சின்ன வயதில் குளித்திருக்கக்கூடிய தண்ணீர். ஒரு மொழிபெயர்ப்பால் நான் அதை அவர் கண்ணிலிருந்தே மறைத்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம்: ஊர்ச் சொல்லை அறிக்கையில் ஊர்ச் சொல்லாகவே ஆங்கில எழுத்தில் எழுதிவிடுவேன், பக்கத்தில் ஒரு வரி விளக்கம். குழு கேள்வி கேட்கட்டும். கேட்பதற்குத்தான் அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மறுநாள் திட்டத்தின் முதலாளி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அந்த நிலத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். தோட்டக் குடும்பம், பிறகு மில், இப்போது கட்டடம். சத்தம் போட மாட்டார். மரியாதை குறையாமல் பேசியே ஆளைச் சின்னதாக்கிவிடுவார்.

"ஏனுங் மேடம், உங்களுக்குக் காவேரிப் பக்கமுங்களா? அதானுங்க, எதப் பாத்தாலும் ஆறாட்டத் தெரியுது."

நான் பதிவேட்டு நகலை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"பள்ளமின்னு எனக்குத் தெரியாதுங்களா? நான் பொறந்து வளந்த எடம். பக்கத்து ஊர்ல இருந்துக்கிட்டு அதுல முழங்கால் தண்ணிகூட நான் பாத்ததில்லீங்க. எப்பவோ ஒருக்கா ரவைக்கு வந்து விடியறதுக்குள்ள போயிருக்கும். அதுக்காக ஒரு பிளாக்கையே தூக்கறதுங்களா?" ஒருங்கிணைப்பாளரிடம் திரும்பினார். "ஒண்ணு பண்ணலாமுங்க. பெரிய பைப்பாப் போட்டு மேல மூடிரலாம். வர்ற தண்ணி அதுக்குள்ள போயிக்கட்டும். ரிப்போர்ட்ல ஒரு பக்கம் சேத்துங்க. கூட்டமும் தள்ளிப்போகாது, உங்க பேரும் கெடாது."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. ஒரு பக்கம் சேர்த்தால் முடிந்தது. என் தவறு திருத்தமாகிவிடும். யாருக்கும் நஷ்டமில்லை. "சரிங்க" என்பது நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. அப்போதுதான் பைப் என்ற சொல் மனதில் எங்கோ தட்டியது. போனை எடுத்து அந்தப் படத்தைத் தேடினேன். ஆடுகள் படுத்திருந்த குழாய்.

"பைப் ஏற்கெனவே ஒண்ணு இருக்குங்க உள்ள" என்று நீட்டினேன். அதற்கு மேல் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியாது. அது எங்கிருந்து வந்தது என்றும் தெரியாது.

அவர் வாங்கிப் பார்த்தார். படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். குழாயின் விளிம்பில் சிவப்புப் பெயிண்ட் எழுத்துகள் மங்கலாக இருந்தன.

"இது மேக்கால ரோட்டுப் பாலத்துக்குப் போட்டதுங்களே" என்றார். குரல் மாறியிருந்தது. "எங்கப்பா பஞ்சாயத்துத் தலைவரா இருந்தப்போ போட்டது. கிரேன் வெச்சு எறக்குனோம். நானே நின்னு பாத்தேன்."

படத்தை நகர்த்தி மறுபடி பார்த்தார்.

"ஒரு நாள் காலைல பாத்தா பைப்பக் காணம். பாலமும் ஒடஞ்சு கெடக்குது. தண்ணி இழுத்துட்டுப் போயிருச்சுன்னு சில பேர் சொன்னாங்க. எங்கப்பா நம்பல. இத்தாம்பெரிய பைப்ப தண்ணி எங்க இழுக்கும், எவனோ டிராக்டர் வெச்சுத் தூக்கிட்டான்னு சொல்லி, எங்களுக்கு ஆகாத ஒருத்தர் மேல போலீஸ்ல எழுதிக் குடுத்துப்போட்டாரு." போனை மேசை மேல் மெதுவாக வைத்தார். "அந்த ஊட்டோட எங்களுக்கு இன்னைக்கும் பேச்சுவார்த்தை இல்லீங்க. நல்லது கெட்டதுக்குப் போறதில்ல."

ஒருங்கிணைப்பாளர், "ரோட்டுல இருந்து இது கெடக்கற எடம் எவ்வளவு தூரமிருக்குமுங்க?" என்று கேட்டார்.

"ஒரு கிலோமீட்டருக்குக் கொறையாதுங்க" என்றார் முதலாளி. கிரேன் இறக்கிய குழாயை ஒரு கிலோமீட்டர் உருட்டி வந்து, முள்ளுக்குள் வைத்துவிட்டு, சத்தமில்லாமல் போய்விட்டது ஒரு தண்ணீர். மூன்று பேரும் அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு அவர் என்னிடம் கேட்டார்: "எவ்வளவு அகலம் வுடோணுமுங்க?"

மயிலாத்தாவின் இரண்டு கைகளைத் தவிர அப்போது என்னிடம் வேறு அளவு இல்லை. "அந்தக் கல்லு வரைக்கும்" என்றேன். பொறியாளர்கள் கணக்குப் போட்டபோது அதிலிருந்து அதிகம் விலகாமல்தான் வந்தது. கூட்டத்திலிருந்து விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்று, திருத்தி, மறுபடி கொடுத்து அனுமதி வாங்கினோம். மூன்றாவது பிளாக் மேட்டுக்கு நகர்ந்தது, உயரத்தில் குறைந்தது. பள்ளம் பள்ளமாகவே விடப்பட்டது. அன்று கிளம்பும்போது முதலாளி கையெடுத்துக் கும்பிட்டு, "ரொம்ப நல்லதுங் மேடம். அடுத்த புராஜெக்ட வேற கம்பெனிக்குக் குடுக்கறனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். சொன்னபடியே செய்தார். அந்த வருடம் முழுவதும் அலுவலகத்தில் யாராவது என்னைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், அதற்காகத்தானோ என்று நினைப்பேன்.

கட்டடம் முடிந்தது. மக்கள் குடிவந்தார்கள். அனுமதியின் நிபந்தனைகள் காப்பாற்றப்படுகின்றனவா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். அதற்காக நானே போய்வந்துகொண்டிருந்தேன். மழைக்காலங்கள் வந்து போயின. பள்ளத்தில் ஒரு சொட்டு வரவில்லை. குடியிருப்போர் சங்கம் அதில் முள்ளை வெட்டிச் சுத்தம் செய்தது. பிள்ளைகள் இரண்டு கம்பம் நட்டு வலை கட்டிப் பூப்பந்து ஆடினார்கள். போகும்போதெல்லாம் சங்கத்தின் செயலாளர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அன்பாகக் கேட்பார்: "இவ்வளவு எடம் வீணாக் கெடக்குதுங்களே மேடம். சமன் பண்ணி ஒரு பார்க் போட்டுக்கலாமுங்களா? நாங்க மனு எழுதி வெச்சிருக்கோம். நீங்க ஒரு வார்த்தை சாதகமா எழுதுனாப் போதும்."

நான் நழுவுவேன். ஆனால் உள்ளுக்குள் அசைந்திருந்தேன். ஒரு கந்தலையும் ஒரு குழாயையும் வைத்துக்கொண்டு ஒரு பிளாக்கை நகர்த்திவிட்டோமே, அந்தத் தண்ணீர் இனி வராமலே இருந்தால்? மேலே தடுப்பணை ஏதாவது கட்டியிருந்தால்? மனுவை மறுப்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? போன வருடம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், அந்த மனுவுக்கான குறிப்பை வீட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். ஆட்சேபம் இல்லை என்று எழுதலாமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. மயிலாத்தா. அங்கே போய்வந்த பழக்கத்தில் எண் கொடுத்து வாங்கியிருந்தோம்.

"அம்மணி, மேக்க இருந்து போன் வந்துச்சுங். பள்ளம் வருதாமா. ரோட்டுப் பாலத்துக்குப் பக்கத்துல வந்துருச்சாமா. பாக்கோணும்னா உடனே கெளம்புங்க."

கோவையில் நல்ல வெயில். மகளை விட்டுவிட்டுப் போக வீட்டில் ஆள் இல்லை. கூட்டிக்கொண்டு போவது சரியா என்று யோசித்துக்கொண்டே அவளை வண்டியில் உட்கார வைத்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பள்ளத்துக்குள் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். செயலாளர் மேலே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "பிள்ளைங்களை மேல கூப்பிடுங்க. தண்ணி வருது" என்று கத்தினேன்.

அவர் வானத்தைப் பார்த்தார். பக்கத்திலிருந்த எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். பளீரென்று நீலமாக இருந்தது.

"ஒரு பொட்டு மேகமில்லீங்களே மேடம்!"

"ஆன்ட்டி, இந்த ஒரு கேம் மட்டும்" என்றது கீழே ஒரு குரல்.

போனில் வந்த செய்தி. யாரோ யாரிடமோ சொன்னது. வராவிட்டால் இவர்கள் சிரிப்பார்கள், மனு ஜெயிக்கும். இப்படி யோசித்துக்கொண்டு நிற்பதே பிழை என்று பட்டது. மகளைப் பெஞ்சில் உட்காரவைத்து, அசையக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கி ஓடினேன். பிள்ளைகளிடம் வாதாடவில்லை. வலையின் முடிச்சை அவிழ்த்து, சுருட்டி, தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறினேன். வலை போனால் ஆட்டம் இல்லை. அத்தனை பேரும் கோபத்தோடு என் பின்னால் வந்தார்கள். தண்ணீருக்குப் பயந்து வரவில்லை, வலைக்காக வந்தார்கள்.

மேலே வந்து நின்றோம். மயிலாத்தாவும் ஆடுகளோடு வந்து சேர்ந்தார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நின்றோம். "பரவால்லீங் மேடம், சேஃப்டி முக்கியமுங்க" என்றார் செயலாளர். யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

முதலில் பறவைகள் வந்தன. மைனாக்களும் கொக்குகளும் பள்ளத்தின் வழியே தத்தித் தத்தி எதையோ கொத்திக்கொண்டு கிழக்கே நகர்ந்தன. பிறகு ஒரு சத்தம். பெரிய வாசலில் காய்ந்த சருகைப் பெருக்குவது போல, நிற்காமல். வளைவில் ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது. அது தண்ணீர் மாதிரியே இல்லை. சருகும் நுரையும் குச்சியும் விதையும் சேர்ந்த ஒரு மடிப்பு, கணுக்கால் உயரம், தரையைத் தடவிக்கொண்டே வந்தது. அதற்கு முன்னால் வண்டுகளும் பூரான்களும் ஓடின. ஒரு சாரைப்பாம்பு யாரையும் பார்க்காமல் கரையேறிப் போயிற்று. ஒரு குழந்தை முன்னால் நடந்து போகலாம், அவ்வளவு மெதுவாக வந்தது. தாழ்ந்த இடத்தில் நின்றது, அதை நிரப்பியது, பிறகு நகர்ந்தது. வலைக் கம்பங்களைத் தொட்டது, சுற்றியது, தாண்டியது. வழியை அது தேடவில்லை. தெரிந்த தெருவில் வீட்டுக்குப் போகிறவரைப் போலப் போயிற்று.

பிள்ளைகள் வலையை மறந்துவிட்டார்கள்.

அதற்குப் பின்னால் வந்ததுதான் தண்ணீர். முழங்கால், இடுப்பு என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறியது. இரண்டு கம்பங்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்து போயின. தென்னை மட்டைகள், ஒரு பிளாஸ்டிக் குடம், வேரோடு ஒரு மரம். எல்லாவற்றின் மேலும் அந்த வெயில். எங்கள் மேல் ஒரு துளி மழை இல்லை. நின்ற தரை உள்ளங்காலில் அதிர்ந்தது. நான்கு வருடத்துக்கும் மேலாக நான் இதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். அட்டவணையில், நிபந்தனையில், ஆறு மாத அறிக்கையில். இது எவ்வளவு பெரியது என்று என் எழுத்தில் எங்குமே இல்லை.

கரைக்கு இன்னும் இரண்டு அடி இருந்தது. பிறகு ஒன்றரை. செயலாளர் என் பக்கத்தில் வந்து நின்றார். தாழ்ந்த குரலில் கேட்டார்: "ஏனுங் மேடம், நீங்க வுட்டிருக்கற அகலம் போதுமுங்களா? இதுக்கு மேல வராதுங்களே?"

அறிக்கையில் நான் ஓர் எண் எழுதியிருக்கிறேன். அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அப்போது மயிலாத்தாவைப் பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் முன்பு வரை எங்களோடு கரையில்தான் நின்றிருந்தார். இப்போது இல்லை. ஆடுகளை ஓட்டிக்கொண்டு, மேட்டில் பின்னால் தள்ளியிருந்த வேப்பமரத்தடிக்குப் போயிருந்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

"தெரியாதுங்க" என்றேன் செயலாளரிடம். மகளைத் தூக்கிக்கொண்டு ஆடுகள் நின்ற இடத்துக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் அங்கே வந்துவிட்டார்கள்.